புது லேத் வாங்கும் முன் ஒரு வீடியோ: லீன் (வீண் நேரத்தையும் வீண் சரக்கையும் குறைக்கும் உற்பத்தி முறை) கேள்வி-பதில்

கேள்வி: எங்களிடம் மூன்று சிஎன்சி லேத் (கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் கடைசல் மெஷின்) இருக்கின்றன. ஐட்டம் மாற்றும் ஒவ்வொரு முறையும் செட்டிங்குக்கே (மெஷினை அடுத்த ஐட்டத்துக்குத் தயார் செய்ய) 140 நிமிடம் போகிறது. ஆர்டர்கள் தள்ளிப்போகின்றன. நான்காவது லேத் வாங்கிவிடலாமா? (வாசகர், கணபதி, கோவை)

அட்வான்ஸ் கொடுப்பதை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். பழைய ஐட்டத்தின் கடைசி நல்ல பீஸ் இறங்கியதிலிருந்து புது ஐட்டத்தின் முதல் நல்ல பீஸ் வரும்வரை முழுவதையும் மொபைலில் வீடியோ எடுங்கள். ஆபரேட்டரிடம் காரணத்தைச் சொல்லிவிட்டு எடுங்கள். இல்லாவிட்டால் அன்று மட்டும் வேகமாகச் செய்வார், கணக்கு பொய்யாகிவிடும். பிறகு அவரையும் உட்காரவைத்து நிமிடம் நிமிடமாகப் பிரித்து எழுதுங்கள். 140 நிமிடம் பெரும்பாலும் இப்படித்தான் உடையும்: டூல், ஜா (பீஸைப் பிடிக்கும் தாடை), கேஜ் (அளவு பார்க்கும் கருவி) தேடல் 35, டிராயிங், புரோகிராம் வாங்கிவர 15, சாஃப்ட் ஜா போரிங் (பீஸின் அளவுக்கு ஜாவைக் கடைவது) 30, டூல் மாட்டி ஆஃப்செட் (டூல் முனையின் நிலை அளவு) எடுக்க 25, முதல் பீஸை க்யூசி (தரச் சோதனைப் பிரிவு) பார்க்கக் காத்திருப்பது 20, மற்றவை 15.

முதல் இரண்டுக்கும் மெஷின் நிற்கவே வேண்டியதில்லை. முந்தைய ஐட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிராலியில் எல்லாம் வந்து நிற்க வேண்டும். அங்கேயே 50 நிமிடம் போய்விட்டது. ஜாக்களை ஐட்டத்துக்கு ஒரு செட் என்று நம்பர் குத்தி வையுங்கள். எந்த ஜா எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பதும் அதிலேயே இருந்தால் லேசாக ஒரு கட் போதும், 10 நிமிடம். டரட்டில் (டூல்களைத் தாங்கும் சுழல் தலை) ரஃபிங், ஃபினிஷிங், த்ரெடிங் டூல்களுக்கு நிரந்தர இடம் கொடுத்தால் மாற்ற வேண்டியது ஒன்றிரண்டுதான். அதுவும் 10 நிமிடம். க்யூசிக்கு அரை மணி நேரம் முன்பே சொல்லிவைத்தால் 20 என்பது 10 ஆகும். கூட்டிப்பாருங்கள், 45 நிமிடம். 1969-ல் டொயோட்டாவில் ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ, 1,000 டன் பிரஸ் ஒன்றின் நான்கு மணி நேர செட்டிங்கை முதலில் 90 நிமிடமாகவும் பிறகு 3 நிமிடமாகவும் குறைத்தது இதே வழியில்தான்: மெஷின் ஓடும்போது செய்யக்கூடியதை, நிற்கும்போது செய்யாதே.

இதற்குப் பிறகுதான் பலர் சறுக்குகிறார்கள். செட்டிங் குறைந்தும் பேட்ச் அளவு (ஒரு செட்டிங்கில் ஓட்டும் எண்ணிக்கை) பழையபடி 300 பீஸாகவே இருக்கும். மிச்சமான நேரத்தில், யாரும் கேட்காத ஐட்டத்தை ஓட்டி ரேக்கில் அடுக்குவார்கள். 300 பீஸுக்கு ஒருமுறை 140 நிமிடம் செலவானது. இனி 100 பீஸுக்கு ஒருமுறை மாற்றினாலும் மூன்று செட்டிங்குக்கு 135 நிமிடம்தான். மெஷின் நேரத்தில் நஷ்டமில்லை, ஆனால் ஆர்டர் மூன்றில் ஒரு பங்கு காத்திருப்பில் வெளியே போகும், ரேக்கில் முடங்கும் பணமும் இறங்கும். இந்த முடிவை ஆபரேட்டர் எடுக்க முடியாது. உங்கள் மேசையில்தான் எடுக்க வேண்டும்.

கேள்வி: 5எஸ் (வேண்டாததை நீக்கி, பணியிடத்தை ஒழுங்காகவும் சுத்தமாகவும் வைக்கும் முறை) செய்து பெயின்ட் கூட அடித்தோம். இரண்டே மாதத்தில் பழைய கோலம். ஏன்? (வாசகர், ஓசூர்)

ஆடிட்டுக்காகச் செய்தீர்கள் போலிருக்கிறது. தேவையா என்ற சந்தேகத்தில் சிவப்பு அட்டை கட்டிய பொருளுக்கு 30 நாள் கெடு வைத்து, அதற்குள் யாரும் கேட்காவிட்டால் வெளியேற்ற வேண்டும். ஆனால் பல யூனிட்களில் அட்டை கட்டியபடியே ஆண்டுக்கணக்கில் கிடப்பவை முதலாளி வாங்கிப்போட்ட பழைய மோட்டார்கள்தான்! அதைப் பார்க்கும் தொழிலாளி என்ன முடிவுக்கு வருவார்?

இன்னொன்று, மாதக் கடைசி. டெஸ்பாட்ச் அவசரத்தில் சூப்பர்வைசரே ஒழுங்கை உடைப்பார். ஷிஃப்ட் முடிய 10 நிமிடம் இருக்கும்போது இடத்தை ஒழுங்குபடுத்த மெஷினை நிறுத்துவதை 31-ஆம் தேதியும் விடாதீர்கள். நீங்கள் தினமும் ஒரே ஒரு மெஷின் அருகே கால் மணி நேரம் நில்லுங்கள். "ஏன் இப்படிக் கிடக்கிறது?" என்று அதட்டாமல், "இன்று எதைத் தேடினீர்கள்?" என்று கேளுங்கள்.

கேள்வி: யோசனைப் பெட்டி வைத்தோம். ஆறு மாதமாகக் காலி. (பனியன் கம்பெனி மேலாளர், திருப்பூர்)

பீஸ் ரேட்டைத்தான் (ஒரு பீஸுக்கு இவ்வளவு என்ற கூலி) முதலில் பார்ப்பேன். ஓவர்லாக் டெய்லர் ஒருவர் ஒரு வழி சொல்லி, மணிக்கு 60 பீஸ் 75 ஆனதும் ரேட்டைக் குறைத்தீர்கள் என்றால், அடுத்து அந்த லைனில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். யோசனையால் கூடும் உற்பத்திக்காக ரேட்டைத் தொடமாட்டோம், ஆளைக் குறைக்க மாட்டோம் என்று எழுதி ஒட்டுங்கள்.

பெட்டியை எடுத்துவிட்டு லைன் முனையில் ஒரு போர்டு வையுங்கள். யோசனை, தேதி, யார் செய்வது, எப்போது முடியும், இவ்வளவு போதும். ஒரு வாரத்துக்குள் பதில் வேண்டும், முடியாது என்றாலும் காரணத்தோடு. உடம்பு வலியைக் குறைக்கும் யோசனைகளை முதலில் செய்யுங்கள்: ஸ்டூல் உயரம், பண்டல் வைக்கும் தட்டின் உயரம், விளக்கு. பரிசு சின்னதாக, எல்லோருக்கும் ஒரே தொகையாக இருக்கட்டும். சேமிப்பில் சதவீதம் என்று ஆரம்பித்தால் கணக்குத் தகராறில்தான் முடியும்.

கேள்வி: 25 பேர் வேலை செய்யும் யூனிட்டுக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா? (வாசகி, அம்பத்தூர்)

ஆகும். சாஃப்ட்வேர் எதுவும் வாங்க வேண்டாம். ஒரு வெள்ளைப் போர்டில் மணிக்கு மணி உற்பத்தி, ரிஜெக்ட், மெஷின் நின்ற காரணம் எழுதினால் முதல் மூன்று மாதத்துக்குப் போதும். வெளியாள் உதவி தேவையென்றால், மத்திய அரசு 2023 மார்ச்சில் தொடங்கிய எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள்) காம்பெட்டிட்டிவ் லீன் திட்டம் இருக்கிறது: பேசிக், இன்டர்மீடியட், அட்வான்ஸ்டு என மூன்று படிகள். ஆலோசகர் கட்டணத்தில் 90 சதவீதத்தை அரசு ஏற்பதாக அறிவித்திருக்கிறது. உத்யம் பதிவு (இத்தகைய தொழில்களுக்கான அரசுப் பதிவு) அவசியம். ஆலோசகர் வருவதற்குள் போர்டில் ஒரு மாதக் கணக்காவது இருந்தால், அவர் முதல் நாளே வேலையில் இறங்கிவிடுவார்.