ரோடு வேலைப் பள்ளத்தில் விழுந்தேன், யார் மேல் வழக்குப் போடுவது?

கேள்வி: எங்கள் ஊர் வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலையை நான்கு வருடமாக அகலப்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். மூன்று வாரத்துக்கு முன் இரவு ஒன்பதரை மணிக்குக் கடையை மூடிவிட்டு பைக்கில் திரும்பினேன். காலையில் நான் போன வழியை மாலைக்குள் அடைத்து, பக்கத்து மண் பாதைக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். போர்டு இல்லை, விளக்கு இல்லை. சிறுபாலத்துக்குத் தோண்டிய பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கி, வலது மணிக்கட்டும் காறை எலும்பும் முறிந்துவிட்டன. ஸ்டேஷனில் மனு ரசீது மட்டும் கொடுத்தார்கள். சைட் ஆள் ஒருவர் வீட்டுக்கு வந்து, பத்தாயிரம் தருகிறோம், ஒரு பேப்பரில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார். போடலாமா? என் தம்பி இதே ரோட்டில் தினமும் காருக்கு டோல் கட்டுகிறான். ரோடே இல்லாமல் எதற்கு டோல்?

பதில்: பணத்தை வாங்குவது உங்கள் இஷ்டம், கையெழுத்து மட்டும் வேண்டாம். இந்த மாதிரிப் பேப்பர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது வரியிலோ நான்காவது வரியிலோ ‘என் கவனக்குறைவால் விழுந்தேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று இருக்கும். பத்தாயிரம் ரூபாய் அந்த வரிக்குத்தான்.

அதைவிட அவசரமான காகிதம் ஒன்று மருத்துவமனையில் இருக்கிறது. உங்களை முதலில் கொண்டுபோன இடத்தில் விபத்துப் பதிவேடு எழுதியிருப்பார்கள், ஏ.ஆர். காப்பி என்று கேட்டால் தருவார்கள். ‘பைக்கிலிருந்து தானாக விழுந்தார்’ என்று அதில் இருந்தால் எதிர்த்தரப்பு வழக்கு முடியும்வரை அதைப் பிடித்துக்கொண்டு தொங்கும். டியூட்டி டாக்டர் வேண்டுமென்று அப்படி எழுதுவதில்லை. வலியில் இருப்பவர் ‘விழுந்துட்டேன்’ என்பார், கூட வந்தவரும் பள்ளத்தைப் பற்றிச் சொல்லமாட்டார். எழுதியதை இனி மாற்ற முடியாது. ஆனால் மனு ரசீதில் பள்ளம், போர்டு இல்லாதது, நேரம் எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் இன்றே கூடுதல் மனு எழுதிக் கொடுங்கள்.

அந்தப் பள்ளத்தை இந்நேரம் மூடியிருப்பார்கள். அன்றிரவு உங்களைத் தூக்கியவர்கள் யாராவது செல்போனில் படம் எடுத்திருந்தால் வாங்கி வையுங்கள், அவர்கள் பெயரும் வேண்டும். பக்கத்தில் பெட்ரோல் பங்க் இருந்தால் கேமரா பதிவைக் கேளுங்கள். அதெல்லாம் சில வாரத்தில் தானாக அழிந்துவிடும். அப்புறம், கிலோமீட்டர் கல்லைப் பார்த்து இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சைட்டில் இதைச் செயினேஜ் என்பார்கள். ‘டீக்கடைக்கு எதிரே’ என்று எழுதினால் பதில் வராது, 47/200, அதாவது 47 கி.மீ. 200 மீட்டர், என்று எழுதினால் வரும்.

சரி, பொறுப்பு யாருடையது? ‘வேலை நடக்கிற ரோடு, பார்த்துத்தான் போகணும்’ என்பார்கள். அது பாதி உண்மை. ஆனால் வேலை நடந்தாலும் அது ரோடுதான். விக்கிரவாண்டி – தஞ்சாவூர் சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018 வாக்கில் தொடங்கிய வேலையில் சேத்தியாத்தோப்பு – சோழபுரம் பகுதி 50 கி.மீ. திறக்கப்பட்டது 2025 ஜூலையில்தான். ‘தற்காலிகம்’ என்பது இத்தனை வருடம் நீளும் என்பதால்தான், வேலை முடியும்வரை பழைய சாலையின் தரமும் பாதுகாப்பும் முன்பிருந்ததைவிடக் கணிசமாகக் குறையக்கூடாது, பராமரிப்பு ஒப்பந்ததாரரின் செலவு என்று நெடுஞ்சாலை ஒப்பந்தங்களிலேயே எழுதியிருக்கிறார்கள். வேலை நடக்கும் இடத்தில் முன்னெச்சரிக்கைப் பலகை, தடுப்பு, ஒளிரும் பட்டை, இரவு விளக்கு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு எஸ்பி 55 என்ற வழிகாட்டி வைத்திருக்கிறது.

ஆகவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, நெடுஞ்சாலை ஆணையத்தின் திட்டச் செயலாக்கப் பிரிவுக்கு மூன்றே கேள்வி அனுப்புங்கள். அன்று அந்தச் செயினேஜில் பராமரிப்பு யார் பொறுப்பு? அந்த மாற்றுப் பாதைக்குப் பொறியாளர் ஒப்புதல் தந்த நாள் எது? ஒப்புதல் தந்த வரைபடத்தின் நகல் வேண்டும். ஒப்புதலே இல்லாத மாற்றுப் பாதை என்று தெரிந்தால் உங்கள் வழக்கில் பாதி முடிந்த மாதிரி. பதிலுக்கு 30 நாள்.

போலீஸ் விஷயம். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். அலட்சியத்தால் அது நேர்ந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 125(பி) பிரிவில் மூன்று ஆண்டுவரை சிறையோ, பத்தாயிரம்வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. எஃப்.ஐ.ஆர். போடாவிட்டால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபால், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 198ஏ பிரிவைப் பலரும் என்னிடம் கேட்கிறார்கள். சாலைத் தரத்தில் தவறியதால் மரணமோ ஊனமோ ஏற்பட்டால் ஒப்பந்ததாரருக்கும் பொறுப்பான அமைப்புக்கும் ஒரு லட்சம்வரை அபராதம். அது மோட்டார் வாகன விபத்து நிதிக்குப் போகும், உங்கள் கைக்கு வராது. பேருக்கு நல்ல பிரிவு!

உங்கள் கைக்கு வரும் பணத்துக்கு வழி வேறு. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் இன்னொரு வாகனத்தால் வந்த விபத்துக்குத்தான். அன்று அங்கே விளக்கில்லாமல் டிப்பரோ ரோலரோ நின்று, அதை விலகப்போய் விழுந்தீர்களா? அப்படியானால் தவறாமல் சொல்லுங்கள், கதை மாறும். பைக் இன்ஷூரன்ஸில் இருக்கும் 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு மரணத்துக்கும், கை கால் கண் இழப்புக்கும், நிரந்தர முழு ஊனத்துக்கும்தான், குணமாகும் முறிவுக்குக் கிடைக்காது. நுகர்வோர் கோர்ட்டும் உங்களுக்குச் சிரமம். இரு சக்கர வாகனம் டோல் கட்டுவதில்லை, கட்டணம் தராதவர் எப்படி நுகர்வோர் என்று கேட்பார்கள்.

மிச்சம் சிவில் வழக்கு. ஒப்பந்த நிறுவனம், ஆணையம் இரண்டையும் எதிர்வாதியாக்கி நஷ்டஈடு கேட்கலாம். அரசையும் சேர்ப்பதானால் இரண்டு மாதம் முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். வழக்குப் போட மூன்று வருடம் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். சட்டப்படி செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டதற்கான நஷ்டஈட்டுக்கு ஒரு வருடம்தான் கெடு என்று வாதாட அவர்களுக்கு இடம் இருக்கிறது, அதற்குள் தாக்கல் செய்யுங்கள். மருத்துவ பில், கடை மூடிக் கிடந்த நாட்களின் கணக்கு, பிசியோதெரபி ரசீது எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போடுங்கள்.

தம்பியின் டோலுக்கு வருகிறேன். கேரளாவில் பாலியேக்கரை டோலை, சுரங்கப்பாதை வேலைகளால் வந்த நெரிசலுக்காக 2025 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் நிறுத்தியது, உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. அக்டோபரில் வசூல் மீண்டும் தொடங்கிவிட்டது. எனவே கோர்ட் உத்தரவு வரும்வரை கட்டித்தான் ஆக வேண்டும், பூத்தில் சண்டை போட்டுப் பயனில்லை. சொந்த உபயோகக் காராக இருந்து, வீடு டோலிலிருந்து 20 கி.மீ.க்குள் இருந்தால் உள்ளூர் மாதப் பாஸ் உண்டா என்று ஆதாரோடும் ஆர்.சி. புத்தகத்தோடும் போய்க் கேட்கச் சொல்லுங்கள். 2025–26இல் அது 350 ரூபாய்.

கடைசியாக எனக்கு ஒன்று தெரிய வேண்டும், மறைக்காமல் சொல்லுங்கள். யூ டர்ன் தூரம் என்பதற்காக அன்றிரவு எதிர்த்திசையில் வந்தீர்களா? வந்திருந்தால் இழப்பீட்டில் ஒரு பங்கைக் கழிப்பார்கள். குறுக்கு விசாரணையில் கேட்கும்போது எனக்கு முதல்முறையாகத் தெரியக்கூடாது.