ஏரி, மரக்கன்று, தெருவிளக்கு: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் ஏரியைத் தூர்வாரினார்கள். நல்ல மழை பெய்தும் பாதிகூட நிரம்பவில்லை. எல்லாம் பருவநிலை மாற்றம் என்கிறார்களே, சரியா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: குறைந்த நேரத்தில் கொட்டித் தீர்க்கும் மழை கூடியிருப்பது உண்மை. ஆனால் கொட்டிய நீர் ஏரிக்கு வந்து சேராததற்கு வானத்தைக் குறை சொல்ல முடியாது. மழைக்கு முன் வரத்துக் கால்வாயைத் தலைமுதல் கடைவரை நடந்து பாருங்கள். கரை வயலோடு சேர்த்து உழப்பட்டிருக்கும், இல்லை சீமைக்கருவேலம் மண்டியிருக்கும். ரோட்டுக்கு அடியில் வைத்த இரண்டடிக் குழாயும் பெரிய வில்லன். சருகும் பாலிதீன் பையும் சேர்ந்தால் ஒரே மழையில் அடைத்துக்கொள்ளும். நீர் ரோட்டின் மேலேறி வேறு பக்கம் ஓடிவிடும். கால்வாயைச் சரிசெய்யாமல் ஏரியை மட்டும் தோண்டுவது வீண் செலவு.

அடுத்து, ஏரி யார் பொறுப்பில் இருக்கிறது? ஆயக்கட்டு, அதாவது ஏரி நீர் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்குக் குறைவென்றால் ஊராட்சி ஒன்றியம். அதற்கு மேல் நீர்வளத்துறை. மனு தவறான மேசைக்குப் போனால் அங்கேயே தூங்கும்.

வண்டல் மண்ணை விவசாயிகள் கட்டணமின்றி எடுக்க, 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தருகிறார். ஏரியின் பெயர் மாவட்ட அரசிதழ்ப் பட்டியலில் இருக்க வேண்டும். புஞ்சைக்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர், நஞ்சைக்கு 75. டிராக்டர்காரர் கணக்கில் (ஒரு யூனிட் என்பது நூறு கன அடி) 90 கன மீட்டர் என்பது சுமார் 32 யூனிட். ஒரு கன மீட்டர் எடுத்தால் ஆயிரம் லிட்டருக்கு இடம் கிடைக்கும்; பத்து ஏக்கர் புஞ்சைக்கு எடுத்தாலே ஒன்பது லட்சம் லிட்டர்.

வண்டி நிற்க வசதியான ஒரே இடத்தில் கிணறுபோலத் தோண்டுவதுதான் எங்கும் நடக்கிறது. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தேங்கும் நீர் பாசனத்துக்கு ஏறாது. கரையை ஒட்டித் தோண்டினாலோ கரையின் அடி பலமிழந்து அடைமழையில் உடையும். கரையிலிருந்து தள்ளி, படுகை முழுக்கப் பரவலாக எடுக்கச் சொல்லுங்கள். கூடுதல் நீர் நிற்கட்டும் என்று, நிரம்பிய நீர் வழிந்தோடும் கலிங்கலில் மணல் மூட்டை அடுக்குவது அதைவிட ஆபத்து.

இன்னொன்று. நம் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து நிலத்தடிப் பாறைநீரில், பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு அதிகம். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். ஏரி நிரம்பினால் அக்கம்பக்கக் கிணறுகளில் ஊறும் மழைநீர் அதை நீர்க்கச் செய்யும். அதற்காக ஏரிக்கரை போர்த் தண்ணீரைச் சோதிக்காமல் குடிக்காதீர்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, 1.5-ஐத் தாண்டவே கூடாது.

கேள்வி: ஆண்டுதோறும் ஜூனில் ஊராட்சி கன்று நடுகிறது. அடுத்த கோடையில் குச்சிதான் மிஞ்சுகிறது. ஏன்?
– வாசகர், ஊத்தங்கரை

பதில்: நமக்கு மழை வலுப்பது செப்டம்பர், அக்டோபரில். ஜூன் தூறலை நம்பி நட்டால் ஜூலை வெயிலில் வாடும். ஆகஸ்ட் கடைசியில் குழி தயாராக இருக்கட்டும்: நீளம், அகலம், ஆழம் மூன்றும் இரண்டடி. செம்மண்ணோடு இரண்டு கூடை மக்கிய தொழுவுரம். பாலிதீன் உறையைக் கிழித்து எடுத்துவிட்டுத்தான் நட வேண்டும். விழா அவசரத்தில் உறையோடு புதைத்த கன்றுகள் எத்தனையோ! ஒரு முழக் கன்று வேண்டாம், நாலடி உயரமுள்ளதைக் கேளுங்கள். ஆடு நடமாடும் இடத்துக்குப் புங்கன் ஏற்றது, அதை ஆடு அவ்வளவாகக் கடிக்காது. மின்கம்பிக்கு அடியில் எதையும் நடாதீர்கள்; மரமான பிறகு வெட்டத்தான் போகிறார்கள்.

பிப்ரவரி முதல் மே வரை வாரம் இருமுறை, கன்றுக்குப் பத்து லிட்டர். இந்தத் தண்ணீர்ச் செலவு மதிப்பீட்டில் இல்லையென்றால் நட வேண்டாம். ஆயிரம் நட்டுப் போட்டோ எடுப்பதைவிட நூறு நட்டு நூறையும் காப்பாற்றலாம்.

கேள்வி: எல்இடி தெருவிளக்கு போட்டால் பருவநிலை மாறிவிடுமா?
– வாசகர், காரிமங்கலம்

பதில்: மாறாது, ஆனால் கணக்கு சிறியதல்ல. பழைய 40 வாட் டியூப் லைட் சோக்கோடு சேர்த்து ஏறக்குறைய 50 வாட் இழுக்கும். 20 வாட் எல்இடி போட்டால் மிச்சம் 30 வாட். நூறு விளக்கு, இரவுக்கு 11 மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 12,000 யூனிட். நிலக்கரி மின்சாரம் அதிகமுள்ள நம் நாட்டில் யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. ஆக 8 டன்னுக்கு மேல். பகலிலும் விளக்கு எரிந்தால் டைமரைப் பாருங்கள், கரண்ட் போய் வரும்போது நேரம் தப்பியிருக்கும்.

மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிவதையும் நிறுத்துங்கள். 7.5 எச்.பி. மோட்டார் தினம் ஒரு மணி நேரம் வீணாக ஓடினால் ஆண்டுக்கு 2,300 யூனிட் போகும், கூடவே குடிநீரும்.

கேள்வி: கிராம சபையில் தீர்மானம் போட்டோம். ஒன்றும் நடக்கவில்லை.
– வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: 'பருவநிலை மாற்றத்தைத் தடுக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்' என்று எழுதினால் யார் எதைச் செய்வது? 'சர்வே எண் இன்னது, கால்வாய் நீளம் இத்தனை மீட்டர், இந்த இடத்துக் குழாய்ப் பாலத்தை அகலப்படுத்த வேண்டும்' என்று எழுதுங்கள். சர்வே எண்ணும் புலப்படமும் கிராம நிர்வாக அலுவலரிடம் கிடைக்கும். மதிப்பீடு போடுவது ஒன்றியப் பொறியாளர். அக்டோபர் 2 கூட்டத்தில் வைத்தால் அடுத்த ஆண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் ஏற அவகாசம் இருக்கும். ஜனவரி 26-க்குத் தள்ளினால் நெருக்கடிதான். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதும் நகல் வாங்கி, ஒன்றை வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் இன்னொன்றை ஆட்சியருக்கும் அனுப்புங்கள். மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கம் ஆட்சியர் தலைமையில்தான் இயங்குகிறது. அதன் காலநிலை அலுவலர் மாவட்ட வன அலுவலர். கன்று சம்பந்தப்பட்ட தீர்மானமென்றால் அவருக்கும் ஒரு நகல். விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.