கட்டுப்பாடுகள் இல்லையா, காட்டப்படவில்லையா?

கேள்வி: அலுவலகத்தின் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் எனக்குப் படிக்கும் அனுமதி மட்டுமே உண்டு. அட்டவணைகளின் அமைப்பை விவரிக்கும் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் வினவினால் ‘ஆர்டர்ஸ்’ அட்டவணையின் நெடுவரிசைகள் அனைத்தும் வருகின்றன. பிரைமரி கீ (ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டுவது), ஃபாரின் கீ (வேறோர் அட்டவணையின் வரியைச் சுட்டுவது) போன்ற கட்டுப்பாடுகள் பற்றி ஒரு வரிகூட வரவில்லை. அந்த அட்டவணைக்குக் கட்டுப்பாடுகளே இல்லை என்று கொள்ளலாமா?

பதில்: தயவுசெய்து அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். இன்ஃபர்மேஷன் ஸ்கீமா, கேட்பவருடைய அனுமதியைப் பார்த்தே விவரம் தருகிறது. அதிலுள்ள ‘காலம்ஸ்’ என்னும் வியூ (வினவலின் விடையை அட்டவணைபோல் காட்டுவது), நெடுவரிசையின் மீது ஏதேனும் ஓர் அனுமதி இருந்தாலே அதைக் காட்டிவிடும். ‘டேபிள்_கன்ஸ்ட்ரெயின்ட்ஸ்’ வியூவோ, அட்டவணையின் உரிமையாளருக்கும், செலக்ட் (படித்தல்) தவிர இன்சர்ட் (சேர்த்தல்), அப்டேட் (மாற்றுதல்) போன்ற வேறோர் அனுமதி பெற்றவருக்கும் மட்டுமே வரிகளைத் தரும். பிழைச் செய்தி எதுவுமின்றி வெற்று விடை வருவதுதான் இதில் ஆபத்தானது. அதை நம்பி, கட்டுப்பாடுகள் இல்லாத நகல் அட்டவணையை உருவாக்கினால், இரட்டைப் பதிவுகள் தடையின்றி உள்ளே நுழைந்துவிடும்.

நீங்கள் நாட வேண்டியது ‘பிஜி_கன்ஸ்ட்ரெயின்ட்’ என்னும் கேட்டலாக் அட்டவணை, அதாவது போஸ்ட்கிரெஸ் தன் அமைப்பு விவரங்களை வைத்திருக்கும் அட்டவணைகளுள் ஒன்று. படிக்கும் அனுமதி மட்டும் உள்ளவரும் அதை வினவலாம். அதன் ‘கான்ரெல்ஐடி’ நெடுவரிசை உங்கள் அட்டவணையைக் குறிக்கும் வரிகளை எடுத்து, ஒவ்வொன்றின் ஓஐடியையும் (உள் அடையாள எண்) ‘பிஜி_கெட்_கன்ஸ்ட்ரெயின்ட்டெஃப்’ ஃபங்ஷனுக்குக் கொடுத்தால், “ஃபாரின் கீ (கஸ்டமர்_ஐடி) ரெஃபரன்சஸ் கஸ்டமர்ஸ்(ஐடி)” என்பது போல முழு வரையறையும் கிடைத்துவிடும். நெடுவரிசைவாரியாகப் பட்டியல் வேண்டுமானால், அதே அட்டவணையின் ‘கான்கீ’ அர்ரேயில் (பட்டியலில்) உள்ள நெடுவரிசை எண்களை, நெடுவரிசைகளின் விவரங்களை வைத்திருக்கும் ‘பிஜி_ஆட்ரிபியூட்’ அட்டவணையின் ‘ஆட்நம்’முடன் இணையுங்கள். நீக்கப்பட்ட நெடுவரிசைகளும் அந்த அட்டவணையில் தங்கியிருக்கும் என்பதால், ‘ஆட்இஸ்டிராப்ட்’ உண்மையாக உள்ள வரிகளை விலக்கிவிடுங்கள். கட்டுப்பாடு ஏதுமற்ற நெடுவரிசைகளும் பட்டியலில் இடம்பெற லெஃப்ட் ஜாயின் தேவை.

நாட் நல் (நெடுவரிசை வெறுமையாக இருக்கக் கூடாது என்னும் கட்டுப்பாடு) விஷயத்தில் பதிப்பையும் பார்க்க வேண்டும்: 18-ஆம் பதிப்பு முதல்தான் அதுவும் ‘பிஜி_கன்ஸ்ட்ரெயின்ட்’டில் தனி வரியாக வருகிறது, அதற்கு முந்தைய பதிப்புகளில் ‘பிஜி_ஆட்ரிபியூட்’டின் ‘ஆட்நாட்நல்’லைப் பார்த்தே அறிய முடியும்.

பின்னாளில் கூடுதல் அனுமதி கிடைத்து இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவையே பயன்படுத்தினாலும், கட்டுப்பாட்டின் பெயரை மட்டும் வைத்து வியூக்களை இணைக்காதீர்கள். போஸ்ட்கிரெஸில் ஒரே ஸ்கீமாவின் இரண்டு அட்டவணைகள் ஒரே பெயரில் கட்டுப்பாடு வைத்திருக்கலாம் என்பதால், ஸ்கீமாவின் பெயரையும் அட்டவணையின் பெயரையும் சேர்த்தே பொருத்த வேண்டும்.