கெரிஸுக்குப் புளி ஆகாது: வாசகர் கேள்வி பதில்

மலாயா ரப்பர் தோட்டத்தில் இருந்த தாத்தா கொண்டுவந்த நெளிகத்தி வீட்டில் இருக்கிறது. அலகில் வெள்ளைக் கோடுகள் ஓடுகின்றன. மலாய், ஜாவா மக்களின் குத்துவாளான கெரிஸில் இது அசலா, கடைச்சரக்கா?
– வாசகர், செங்கோட்டை

முதலில் அலகின் அடிப்பாகத்தைப் பாருங்கள். கெரிஸ் அங்கே ஒரு பக்கம் மட்டும் அகன்று நீண்டிருக்கும். அதற்கும் கீழே குறுக்காகப் பொருத்திய தனித்துண்டுதான் கன்ஜா. இரண்டும் சேரும் இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு தெரியும். ஒரே துண்டாக அடித்த பழைய கெரிஸ்களும் உண்டு, ஆகவே கோடு இல்லை என்பதற்காக மட்டும் போலி என்று முடிவுகட்டாதீர்கள்.

அந்த வெள்ளைக் கோடுகளுக்குப் பாமோர் என்று பெயர். நிக்கல் கலந்த இரும்பையும் சாதா இரும்பையும் காய்ச்சி, மடித்து மடித்து அடித்து ஒட்டவைப்பதால் வருவது. வாய்ப்பக்கத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் அடுக்கு தெரியும், நகத்தால் வருடினால் லேசாகச் சொரசொரக்கும். சிதறிய அரிசி போல இருந்தால் பெராஸ் வுத்தா, வட்டவட்டமாக இருந்தால் உடான் மாஸ். இருபுறமும் அச்சில் வார்த்தது போல ஒரே கோலம் இருந்தால் அமிலத்தில் வரைந்ததோ என்று சந்தேகப்படலாம்.

நெளிவுகளை அடியிலிருந்து நுனிவரை இடமும் வலமுமாக மாறிமாறி எண்ணுங்கள். ஒற்றைப்படையில்தான் முடியும். இரட்டைப்படை வந்தால் திரும்ப எண்ணுங்கள், ஒன்று விட்டுப்போயிருக்கும். நெளிவே இல்லாத நேர்க்கெரிஸும் அசல்தான்.

அலகு முழுக்கத் துரு. குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் புளியும் உப்பும் போட்டுத் தேய்க்கலாமா?
– வாசகி, சித்தூர், பாலக்காடு

வேண்டவே வேண்டாம். பித்தளைக்குச் சரி. இரும்பில் உப்பு பட்டால் சின்னச்சின்ன குழியாக அரிக்கும், கழுவினாலும் குழிக்குள் தங்கிப் பிறகும் வேலையைக் காட்டும். உப்புக்காகிதமும் பஃபிங் சக்கரமும் அதைவிட மோசம். பாமோரையே வழித்து எடுத்துவிடும்.

பிடி கழலுமா என்று முதலில் பாருங்கள். மலாய்க் கெரிஸ்களில் அலகின் வாலைப் பெரும்பாலும் பிசின் வைத்துப் பிடிக்குள் இறுக்கியிருப்பார்கள். ஹேர் டிரையரால் அலகின் அடியைச் சில நிமிடம் சூடாக்கி மெதுவாகத் திருகுங்கள். நெருப்பில் காட்டினால் மரம் வெடிக்கும். அசையவில்லையென்றால் விட்டுவிடுங்கள், உள்ளே துருவேறி மெலிந்த வால் முறிந்துபோகும். அப்போது ஊறவைக்காமல் எண்ணெய்த் துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கழன்றால், ஒரு முனையை அடைத்த பிவிசி குழாயில் முற்றிய தேங்காய்த் தண்ணீர் ஊற்றி, அலகை இரவு முழுக்க நிறுத்திவையுங்கள். காலையில் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவி, புதுத் தேங்காய்த் தண்ணீர் மாற்றி மறுபடி ஊறவிடுங்கள். இரண்டு மூன்று முறையில் துரு இளகிவிடும். இளகாத ஒட்டுத்துருவோடு மல்லுக்கட்ட வேண்டாம். கடைசியாகச் சமையல் சோடா கலந்த நீரில் அலசி, உடனே துடைத்து, ஹேர் டிரையரில் நன்றாக உலர்த்தி, சூடு ஆறுமுன் எண்ணெய் தடவுங்கள். இதில் சுணங்கினால் கண்ணெதிரே செந்துரு படரும்.

இப்போது அலகு வெளிறி, கோலம் மங்கித் தெரியும். பயப்பட வேண்டாம். பழைய கருமை பெரும்பாலும் எலுமிச்சைச் சாறும் பாஷாணமும் (ஆர்சனிக் நஞ்சு) சேர்த்து ஏற்றியது. இரும்பு கறுக்கும், நிக்கல் வெள்ளையாக நிற்கும். அதைத் திரும்ப ஏற்றுவது ஜாவாவிலும் மலேசியாவிலும் அதற்கென்றே இருக்கும் கைத்தொழிலாளர் வேலை. வீட்டில் பாஷாணத்தைத் தொடக்கூடாது.

தேங்காய் எண்ணெய் தடவி உறைக்குள்ளேயே வைத்திருக்கலாமா? தொட்டால் விஷம் என்கிறார்களே?
– வாசகர், குமுளி

தேங்காய் எண்ணெய் காறிப் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெய் ஓரிரு சொட்டு போதும். வழியுமளவு தடவினால் உறை குடித்து ஊறிவிடும். உங்கள் ஊர்ச் சாரலில் உறை மரம் ஈரம் ஏற்கும், அதனால் ஆனி முதல் புரட்டாசி வரை அலகை வெளியே எடுத்துப் பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வையுங்கள். பிடியடியில் உள்ள வெள்ளிப் பூண் கறுத்திருந்தால் திருநீறு போட்டுத் துடைத்தால் போதும்.

அலகில் பாஷாண மிச்சம் இருக்கலாம், ஆனால் சும்மா தொடுவதால் பொதுவாக ஒன்றும் ஆகாது. சுரண்டிய தூளை மூச்சில் இழுக்காதீர்கள், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தேங்காய்த் தண்ணீர் ஊறிய குழாயைச் சமையலறைப் பக்கம் வைக்க வேண்டாம்.