தக்காளி காய்க்கிறது, கறிவேப்பிலை மட்டும் ஏன் அசையவில்லை?

கேள்வி: ஐயா, வணக்கம். மொட்டை மாடியில் தொட்டிகளிலும் பைகளிலும் தோட்டம் போட்டிருக்கிறேன். தக்காளி, மிளகாய், கத்தரி எல்லாம் நன்றாகவே காய்க்கின்றன. சில செடிகள் மட்டும் என்ன செய்தாலும் வருவதில்லை. கொத்தமல்லியில் பாதி முளைப்பதில்லை. முளைத்ததும் நாலு இலை பறிப்பதற்குள் பூத்துவிடுகிறது. கறிவேப்பிலைக் கன்று வைத்து ஒன்றரை வருடம் ஆகிறது, வைத்த உயரத்திலேயே நிற்கிறது. கேரட் முளைப்பதே அபூர்வம். லாவெண்டர் வாங்கி வைக்க வைக்கப் பட்டுப்போகிறது. எங்கள் பக்கம் வெயில் அதிகம், குளிர் குறைவு. மாட்டு எரு, மண்புழு உரம், தென்னை நார்க்கழிவு எல்லாம் போடுகிறேன், தினமும் தண்ணீர் விடுகிறேன். எனக்குக் கைராசி இல்லை என்கிறார் கணவர். நிஜமாகவே அப்படித்தானா?

பதில்: வணக்கம் அம்மா. தக்காளியும் கத்தரியும் காய்க்கிற தோட்டத்தில் கையைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் மாடியில் வெயில் போதும். எருவும் நல்ல எருதான், அதற்குத் தக்காளியே சாட்சி. இதை ஏன் குறிப்பாகச் சொல்கிறேன் என்றால், மேய்ச்சல் நிலத்தில் அடிக்கிற அமினோபைரலிட் போன்ற சில களைக்கொல்லிகள் மாட்டின் வயிற்றைக் கடந்து சாணத்திலும் தங்கிவிடும். அந்த எருவைப் போட்டால் முதலில் அடிபடுவது தக்காளியும் பீன்ஸும். கொழுந்து முறுக்கிச் சுருண்டு வரும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

நீங்கள் எழுதிய நான்கு செடிகளும் நான்கு வெவ்வேறு கட்டத்தில் நின்றுபோகின்றன. கேரட் விதையிலேயே நிற்கிறது. கொத்தமல்லி பாதி விதையில் நின்றுவிடுகிறது, மீதி அவசரப்பட்டுப் பூவுக்குப் போய்விடுகிறது. கறிவேப்பிலையின் சிக்கல் பெரும்பாலும் வேரில். லாவெண்டருக்கு உங்கள் ஊர் வானிலையே ஒத்துவரவில்லை. செடி எந்தக் கட்டத்தில் நின்றது என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் உரத்தையும் தண்ணீரையும் கூட்டுவதைத்தான் வீட்டுத் தோட்டங்களில் நான் அடிக்கடி பார்க்கிறேன். வளராத செடியைப் பார்த்தால் பசி என்று நினைத்துவிடுகிறோம். தொட்டிச் செடியில் பல நேரம் வேருக்கு மூச்சு முட்டுவதுதான் காரணம்.

தக்காளியும் மிளகாயும் ஏன் இவ்வளவு சுலபம்? பல தலைமுறைகளாக மனிதர்கள் விதை எடுத்து, போட்டதும் முளைப்பதையே பொறுக்கிப் பொறுக்கி வளர்த்த பயிர்கள் அவை. பிடுங்கி நட்டாலும் தாங்கும், மண் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் தாங்கும். மற்ற செடிகள் பலவற்றில் இன்னும் காட்டுச் செடியின் எச்சரிக்கை மிச்சமிருக்கிறது. எல்லா விதையும் ஒரே மழைக்கு முளைத்து, அடுத்து வறட்சி வந்தால் வம்சமே போய்விடும். அதனால் சில விதைகள் காத்திருக்கும். நமக்கு அது பிடிவாதமாகத் தெரிகிறது, செடிக்கு அது பிழைக்கும் வழி.

சரி, கறிவேப்பிலையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதைத்தான் உடனே காப்பாற்ற முடியும். ஒரு நாள் தண்ணீர் விடாமல் இருந்துவிட்டு, மாலையில் தொட்டியைச் சாய்த்துத் தட்டி, செடியை மண் கட்டியோடு வெளியே எடுங்கள். பயப்பட வேண்டாம், மண் கட்டி உடையாமல் பார்த்துக்கொண்டால் செடிக்கு ஒன்றும் ஆகாது. இலையைப் பார்த்து ஊகிப்பதைவிட வேரை ஒரு முறை பார்ப்பது மேல்.

வேர் வெளுப்பாக, உறுதியாக இருந்து, தொட்டிச் சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி ஓடியிருந்தால் இடம் போதவில்லை என்று அர்த்தம். சுற்றிய வேர்களை விரலால் பிரித்துவிடுங்கள். பிரிக்க முடியாமல் கெட்டிப்பட்டிருந்தால் பக்கவாட்டில் மூன்று நான்கு இடத்தில் கத்தியால் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்துவிட்டு, சுற்றிலும் நாலைந்து செ.மீ. மட்டும் கூடுதலாக உள்ள தொட்டிக்கு மாற்றுங்கள். ஒரேயடியாகப் பெரிய டிரம்முக்குக் கொண்டுபோக வேண்டாம். சின்ன வேருக்குப் பெரிய தொட்டி கொடுத்தால் வேர் எட்டாத மண் காயாமல் ஈரமாகவே கிடந்து அழுகலுக்கு இடம் கொடுக்கும்.

வேர் பழுப்பாக, தொட்டால் கொழகொழவென்று தோல் உரிந்து வந்தால், மண்ணில் புளித்த வாடை அடித்தால், தண்ணீர் அதிகம். நீங்கள் நார்க்கழிவும் சேர்த்து, தினமும் தண்ணீரும் விடுவதாக எழுதியிருப்பதால் எனக்கு இதன் மேல்தான் சந்தேகம். நார்க்கழிவின் மேல்பகுதி காய்ந்து வெளுத்திருக்கும், உள்ளே ஈரம் சொட்டும். மேலே பார்த்து ஏமாந்து மறுபடி ஊற்றுவோம். அழுகிய வேரை வெட்டிவிட்டு, தோட்ட மண், மக்கிய எரு, கரடுமுரடான மணல் மூன்றையும் சம அளவு கலந்து, அதே அளவு தொட்டியிலோ கொஞ்சம் சிறிய தொட்டியிலோ நடுங்கள். அடியில் உள்ள துளைகள் அடைபடாமல் இருக்கட்டும். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். புதுத் தளிர் வரும் வரை எந்த உரமும் வேண்டாம், சேதமான வேரால் அதை எடுத்துக்கொள்ள முடியாது.

வேரில் சிறு சிறு முடிச்சுகள் தெரிந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு, வேருக்குள் புகுந்து வாழும் நுண்ணிய புழு. அந்த மண்ணைத் தக்காளி, கத்தரித் தொட்டிகளில் கொட்டிவிடாதீர்கள், அவையும் அதற்கு எளிதில் இரையாகும்.

வேர் நன்றாக இருந்தும் செடி நிற்கிறது என்றால் இன்னும் சிலவற்றைப் பார்க்க வேண்டும். புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் போவதைவிட, உப்புத் தண்ணீரால் மண்ணின் காரத்தன்மை ஏறி, இருக்கிற இரும்பைச் செடியால் எடுக்க முடியாமல் போவதே அதிகம். அப்போது மேலும் எரு கொட்டிப் பயனில்லை. இயன்ற அளவு மழைத் தண்ணீர் பிடித்து விடுங்கள், செடி எளிதில் எடுத்துக்கொள்ளும் வடிவில் வரும் இரும்பு உரமான இரும்புச் செலேட்டைப் பாக்கெட்டில் உள்ள அளவுப்படி கொடுங்கள். தளிர் சுருண்டு பிசுபிசுப்பாக இருந்தால் சாறு உறிஞ்சும் பூச்சி. கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பம் என்பதால் எலுமிச்சையைத் தாக்கும் தத்துப்பூச்சிகளுக்கு இதன் தளிரும் பிடிக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் அது கலக்கக் கொஞ்சம் சோப்புக் கரைசலும் சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு தளிர் நனைய அடியுங்கள்.

அப்புறம், இலை பறிப்பது. கன்று சிறியதாக இருக்கும்போதே அவசரத்துக்கு நாலு இலை, அவசரத்துக்கு நாலு இலை என்று பறித்தால் அது எதை வைத்து வளரும்? இலைதான் அதன் சமையற்கட்டு. முழங்கால் உயரமாவது வரும் வரை தொடாதீர்கள். அதற்குப் பிறகு உதிரி இலையாக உருவி எடுக்காமல் நுனிக் கொத்தோடு கிள்ளுங்கள், கீழிருந்து பக்கக் கிளை வரும். இளம் செடியில் பூங்கொத்து வந்தால் அதையும் கிள்ளி எறியுங்கள். குளிர் மாதங்களில் அது ஓய்வெடுப்பது இயல்பு, அப்போது உரம் போட்டு எழுப்ப முயல வேண்டாம்.

வேறு கன்று வேண்டும் என்று நினைத்தால் பாக்கெட்டில் வரும் காய்ந்த கறிவேப்பிலை விதையை வாங்காதீர்கள். ஈரம் போனால் அந்த விதையின் உயிரும் போய்விடும். மரத்திலிருந்து கறுத்துப் பழுத்த பழத்தைப் பறித்து, சதையை நீக்கிக் கழுவி, அன்றைக்கே ஊன்றினால் முளைக்கும். தாய்மரத்தின் பக்கக் கன்றைப் பிடுங்கி நடுபவர்கள் உண்டு. அதற்குச் சொந்த வேர் குறைவாக இருந்தால் அது பிடிப்பதற்கே மாதக்கணக்கில் ஆகும். உங்கள் கன்றும் அப்படி வந்ததாக இருக்கலாம், வேரைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கொத்தமல்லிக்கு முதல் எதிரி சூடு. மண் 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும்போது அது சந்தோஷமாக முளைக்கும், 30-ஐத் தாண்டினால் முளைப்பு வெகுவாகக் குறையும். மாடியில் வெயில் படும் கறுப்புப் பைக்குள் மண் அதைவிடச் சூடாகிவிடும். நாம் விதை என்று சொல்வது உண்மையில் காய், அதற்குள் இரண்டு விதைகள் இருக்கின்றன. உள்ளங்கையால் லேசாகத் தேய்த்து இரண்டாகப் பிளந்து, ஒரு இரவு ஊறவைத்து, ஒரு செ.மீ. ஆழத்தில் நேரடியாக விதையுங்கள். முளைக்க ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரம் வரைகூட ஆகும். பத்தாம் நாள் பொறுமை இழந்து மண்ணைக் கிளறுவதில்தான் பாதி விதை வீணாகிறது. நாற்று விட்டுப் பிடுங்கி நடவே கூடாது, அதற்கு ஆணிவேர். அது அறுந்தால் செடி பதறிப் பூவுக்குப் போய்விடும்.

பூப்பது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சூடும் நீண்ட பகலும் சேர்ந்தால் கொத்தமல்லி பூக்கத்தான் செய்யும். தாமதமாகப் பூக்கும் ரகங்கள் கொஞ்ச நாள் தள்ளிப்போடும், அவ்வளவுதான். அதனால் ஒரே தொட்டியை மாதக்கணக்கில் பறிக்கலாம் என்ற ஆசையை விட்டுவிட்டு, காலை வெயில் மட்டும் படுகிற இடத்தில், 20 செ.மீ. ஆழமாவது உள்ள தொட்டியில், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக விதைத்து வாருங்கள். கடுங்கோடையில் விட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

கேரட் விதை மிகச் சிறியது, மேல் மண்ணிலேயே கிடக்கும். இரண்டு மூன்று வாரம் அந்த மேல் மண் ஒரு நாள்கூடக் காயக் கூடாது. தண்ணீர் ஊற்றினால் விதை அடித்துப் போகும், விட்டுவிட்டால் மண் ஓடுபோல இறுகும். விதைத்து, தெளிப்பானால் நனைத்து, மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடுங்கள். தினமும் தூக்கிப் பாருங்கள், முதல் முளை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும். புது எரு போடாதீர்கள், கிழங்கு கிளை விடும். கேரட்டையும் பிடுங்கி நடக் கூடாது.

கேரட், கொத்தமல்லி இரண்டுக்குமே விதைக்கும் முன் ஒரு சோதனை செய்து பார்ப்பது நல்லது. இருபது விதையை ஈரக் காகிதத்தில் மடித்து, காற்றுப் புகும்படி மூடி, நிழலில் வையுங்கள். கேரட்டின் தாமதத்தைக் கணக்கில் வைத்து மூன்று வாரம் கொடுங்கள். பத்துக்கும் கீழே முளைத்தால் விதை பழசு, மண்ணின் மேல் பழி போட வேண்டாம். தக்காளி விதை நாலைந்து வருடம் தாங்கும் என்பதால் எல்லா விதையும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம். வெங்காய விதை ஒன்றிரண்டு வருடத்திலேயே சோர்ந்துவிடும்.

இனி லாவெண்டர். இதில் உங்களுக்கு ஆறுதல் சொல்ல முடியவில்லை, நேராகவே சொல்லிவிடுகிறேன். அது மத்தியதரைக் கடல் பக்கத்து மலைச்சரிவில், கல்லும் சுண்ணாம்பும் கலந்த ஏழை மண்ணில், வறண்ட கோடையில் வளர்ந்து பழகிய செடி. படங்களில் பார்த்து ஆசைப்படும் ஆங்கில லாவெண்டருக்கு நன்றாகப் பூக்கக் குளிர்காலம் தேவை. வெப்பமும் காற்றின் ஈரப்பதமும் சேர்ந்த இடத்தில் அடியிலிருந்து கருகும். அதற்கு மண்புழு உரமும் தினசரித் தண்ணீரும் கொடுப்பது, அன்பினால்தான் என்றாலும், அதன் முடிவை விரைவுபடுத்துகிறது. ஆங்கில லாவெண்டரை இனி வாங்க வேண்டாம். அந்த மணம்தான் வேண்டும் என்றால் பல்விளிம்பு இலை கொண்ட டென்டாட்டா வகை சூட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். சுடுமண் தொட்டி, பாதிக்குப் பாதி சரளை மணல், எரு இல்லை, காற்றோட்டமான இடம். மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர். ரோஸ்மேரிக்கும் இதே பழக்கம்தான் என்றாலும் அது இன்னும் கொஞ்சம் பொறுமைசாலி, அதை முதலில் வளர்த்துப் பாருங்கள்.

தண்ணீரை நாள் கணக்கு வைத்து விடாதீர்கள். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் அன்று வேண்டாம். காய்க்கிற தக்காளிக்குத் தினமும் தேவைப்படும், பக்கத்தில் நிற்கும் கறிவேப்பிலைக்கு அதே அளவு அதிகம். ஒரே பூவாளியோடு வரிசையாக ஊற்றிக்கொண்டே போவது நமக்கு வசதி. அதனாலேயே முடிந்தால் தாகச் செடிகளை ஒரு பக்கமும் காய்ந்த மண்ணைத் தாங்கும் செடிகளை மறுபக்கமும் பிரித்து வையுங்கள். ஒரே நேரத்தில் மண், தொட்டி, உரம், இடம் நான்கையும் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. வேர் அழுகல் போன்ற அவசரம் இல்லாதபோது ஒன்றை மாற்றி, மூன்று நான்கு வாரம் பார்த்து, அடுத்ததற்குப் போங்கள்.

இந்த வாரம் கறிவேப்பிலையின் வேரை மட்டும் பாருங்கள். அதற்குப் பிறகும் தளிர் வரவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள். எழுதும்போது இலையின் படத்தோடு, வேரின் படம் ஒன்றும், தொட்டியின் அகல ஆழமும், நீங்கள் விடுவது எந்தத் தண்ணீர் என்பதும் சேர்த்து அனுப்புங்கள்.