அமாவாசை பார்த்து டிக்கெட் போடுங்கள்: போர்ட்டோ ரிக்கோ கேள்வி-பதில்

கே: எச்-1பி-யில் அமெரிக்காவில் இருக்கிறேன். பாஸ்போர்ட்டில் இருக்கும் விசா காலாவதியாகிவிட்டது. போர்ட்டோ ரிக்கோ போய் வரலாமா?

ப: போர்ட்டோ ரிக்கோ அமெரிக்காவின் ஆட்சியில் உள்ள கரீபியன் தீவு. அமெரிக்காவுக்குள்ளிருந்து நேர் விமானம் என்றால் அது உள்நாட்டுப் பயணம். திரும்பி வரப் பாஸ்போர்ட்டில் புது விசா ஸ்டாம்பிங் வேண்டாம். பாஸ்போர்ட், ஐ-94 (நுழைவுப் பதிவு), ஐ-797 (எச்-1பி ஒப்புதல் கடிதம்) மூன்றும் கையில் இருக்கட்டும். கப்பலில் போய் வழியில் வேறு நாட்டுத் தீவு ஒன்றில் நின்றால் நீங்கள் வெளிநாடு போனதாகக் கணக்கு. டிக்கெட் வாங்கும் முன் கப்பல் எங்கெல்லாம் நிற்கிறது என்று பாருங்கள்.

கே: தலைநகர் சான் ஹுவானின் பழைய நகரப் பகுதிக்கு அரை நாள்தான். இரண்டு கோட்டையில் எதை விடலாம்?

ப: எதையும் விட வேண்டாம். எல் மோரோ (1539-ல் தொடங்கியது) கடலைப் பார்த்த கோட்டை. 1595-ல் ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் டிரேக்கின் கப்பல்களை விரட்டியது. மூன்றே வருடத்தில் இன்னொரு ஆங்கிலேயர், கம்பர்லண்ட் பிரபு, கிழக்கே தரையிறங்கி, நடந்து வந்து அதைப் பிடித்துவிட்டார். அவரைத் துரத்தியது பீரங்கி அல்ல, வயிற்றுக்கடுப்பு. 1625-ல் டச்சுக்காரர்கள் ஊரைக் கொளுத்தினார்கள். தரைப்பக்கம் அடைக்க சான் கிறிஸ்தோபல் எழுந்தது இதற்குப் பிறகுதான். ஒன்றை மட்டும் பார்த்தால் பாதிக் கதை.

ஒரே டிக்கெட், 10 டாலர், 24 மணி நேரம் இரண்டுக்கும் செல்லும். 15 வயது வரை இலவசம். காலை 9.30-க்குத் திறந்ததும் எல் மோரோ போங்கள். அதன் முன்னால் உள்ள புல்வெளியில் பொட்டு நிழல் கிடையாது. வெயில் ஏறியதும் சான் கிறிஸ்தோபலின் சுரங்கங்களுக்குள் போய்விடலாம். நடுவில் ஒன்றரை கிலோமீட்டர் நடை. தொப்பி, தண்ணீர்.

கே: அமெரிக்கக் கொடி பறக்கும் இடங்களில் மிகப் பழைய ஊர் ஃப்ளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் என்கிறார்களே?

ப: அது 1565. சான் ஹுவான் 1521.

கே: பாட்டியும் தள்ளுவண்டிக் குழந்தையும் உண்டு. நடக்கச் சிரமமா?

ப: ஆமாம். தெருவில் பதித்திருக்கும் நீலக் கற்கள் இரும்பு உலைக் கசடில் வார்த்தவை. நனைந்தால் வழுக்கும். சின்னச் சக்கரம் இடுக்கில் மாட்டும். ரப்பர் அடி வைத்த செருப்பு பாட்டிக்கு, இடுப்பில் கட்டிச் சுமக்கும் பை குழந்தைக்கு.

கே: கடல் நீலமாக ஒளிரும் விரிகுடாவுக்குப் பௌர்ணமி அன்று புக் செய்திருக்கிறோம். நிலா வெளிச்சத்தில் படகு, அருமையாக இருக்கும் அல்லவா?

ப: நிலா அருமையாக இருக்கும். கடல் ஒளிராது. எத்தனை முறைதான் எழுதுவது!

அந்த ஒளி, தண்ணீரைக் கலக்கும்போது ஓர் ஒற்றைச்செல் உயிரி விடும் சின்ன மின்னல். இருட்டு இருந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். வீட்டு நாள்காட்டியில் திதி போட்டிருக்கிறதே, அதைப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாதா? அமாவாசை சிறந்தது. தேய்பிறைப் பஞ்சமிக்குப் பிறகு நிலா உதிக்கவே பத்து மணிக்கு மேல் ஆகும். அதற்குள் முதல் படகில் போய் வந்துவிடலாம். வளர்பிறை அஷ்டமி அப்படியில்லை. பொழுது சாயும்போதே நிலா உச்சியில் நிற்கும். ‘பாதி நிலாதானே’ என்று ஏமாறுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பெருமழை பெய்து நல்ல தண்ணீர் கலந்தாலும் ஒளி மங்கும்.

மூன்று இடங்கள் உண்டு. வியேகெஸ் தீவின் மொஸ்கிட்டோ விரிகுடாதான் மிகப் பிரகாசம். ஆனால் படகுப் பயணம் இரவில், எனவே தீவில் தங்கியே ஆகவேண்டும். ஃபெர்ரி சேய்பாவிலிருந்து, பழைய குறிப்பை நம்பி ஃபஹார்டோவில் போய் நிற்காதீர்கள். வாடகைக் காரை ஃபெர்ரியில் ஏற்ற முடியாது. ஃபஹார்டோவின் லகூனா கிராண்டேக்கு சான் ஹுவானிலிருந்து ஒரு மணி நேரம்; அலையாத்தி மரங்களுக்கு நடுவே இருட்டில் துடுப்புப் போடவேண்டும். இந்த இரண்டிலும் நீந்தத் தடை. தென்மேற்கே லா பார்குவேராவில் நீந்தலாம், ஒளி குறைவு. சாதாரண ஃபோன் கேமராவில் கறுப்புதான் விழும், கண்ணால் பாருங்கள்.

உங்கள் டிக்கெட்டை இப்போதே மாற்றுங்கள்.

கே: சுத்த சைவம். ஸ்பானிஷில் ‘சின் கார்னே’ (இறைச்சி இல்லாமல்) என்று சொன்னால் போதுமா?

ப: போதாது. ‘கார்னே’ என்றால் பலர் காதில் மாட்டிறைச்சி என்றே விழும். பன்றியும் கோழியும் தட்டில் வந்துவிடும். ‘சின் ஹமோன், சின் போயோ’ (பன்றித்தொடை வேண்டாம், கோழி வேண்டாம்) என்று பெயர் சொல்லி மறுங்கள். மொஃபோங்கோ என்பது வறுத்த வாழைக்காயைப் பூண்டோடு இடிப்பது. வழக்கமாகப் பன்றித்தோல் வறுவலும் சேரும், கோழிச் சாறும் ஊற்றுவார்கள். சோற்றில் போடும் ‘கந்தூலே’ நம் பச்சைத் துவரைதான், ஆனால் அந்தச் சோற்றிலும் பன்றி இருக்கும். தொஸ்தோனே, அதாவது தட்டையாக நசுக்கி இரண்டு முறை பொரித்த வாழைக்காய், பெரும்பாலும் பயமில்லை.

கே: செப்டம்பரில் ஹோட்டல் மலிவு. போகலாமா?

ப: மலிவு புயலால். ஜூன் முதல் நவம்பர் வரை சீசன். 2017-ல் மரியா தாக்கியது செப்டம்பர் 20. பணம் திரும்பக் கிடைக்கும் டிக்கெட் என்றால் போங்கள்.

கே: திரும்பும்போது அங்கிருந்து மாம்பழம் கொண்டுவரலாமா?

ப: கூடாது. கரும்பும் கூடாது. விமான நிலையத்தில் செக்-இன் முன்னாலேயே வேளாண் துறை பையை எக்ஸ்ரே எடுக்கும்.

கே: பங்கில் பெட்ரோல் ஒரு டாலர் சொச்சம் என்று பார்த்தேன். இவ்வளவு மலிவா?

ப: லிட்டருக்கு. போர்டை முழுசாகப் படிக்கவேண்டும். தூரப் பலகை கிலோமீட்டரில், வேகப் பலகை மைலில். குழப்பிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஊர்ந்தால் பின்னாலிருந்து ஹார்ன் அடிப்பார்கள்.