புதுச்சேரியில் வீட்டையும் நாயையும் பார்த்துக்கொள்ள சிட்டர் கிடைக்க, லிஸ்டிங்கை எப்படி எழுதுவது?

சிட்டர் என்றால் நாம் வெளியூர் போகும் நாட்களில் நம் வீட்டிலேயே தங்கி, வீட்டையும் பிராணிகளையும் பார்த்துக்கொள்பவர். அவரைத் தேடி இணையதளத்தில் போடும் அறிவிப்புதான் லிஸ்டிங். கேள்வியோடு உங்கள் லிஸ்டிங்கையும் போட்டது நல்லதாயிற்று: “லாஸ்பேட்டையில் அழகான மூன்று பெட்ரூம் வீடு. நட்பான லேப்ரடார், ஒரு பூனை. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். மே மாதம் பத்து நாள். பொறுப்பானவர்கள் மட்டும் தொடர்பு கொள்ளவும்.” இரண்டு வாரமாக ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை என்கிறீர்கள்.

நான் முத்தியால்பேட்டையில் இருக்கிறேன். வீட்டில் ஒரு நாட்டு நாய், ஒரு பூனை. வெளியூர் போகும்போது சிட்டரை வைத்துவிட்டுத்தான் போகிறோம். நானும் மனைவியும் பிறர் வீடுகளில் சிட்டராகத் தங்கியும் இருக்கிறோம். இரண்டு பக்கமும் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

உங்கள் லிஸ்டிங்கில் வீடு இருக்கிறது, நாய் இருக்கிறது, வேலை இருக்கிறது. வரப்போகிற மனிதரைப் பற்றி ஒரு சொல் கூட இல்லை. டிரஸ்டட் ஹவுஸ்சிட்டர்ஸ் போன்ற தளங்களில் (2010-ல் இங்கிலாந்தில் தொடங்கியது அது) வீட்டுக்காரரும் சிட்டரும் தளத்துக்கு ஆண்டுச் சந்தா கட்டுகிறார்கள். வீட்டுக்காரர் சிட்டருக்குச் சம்பளம் தருவதில்லை, சிட்டர் வீட்டுக்காரருக்கு வாடகை தருவதில்லை. அதனால் நீங்கள் ஆளைத் தேர்ந்தெடுப்பது போலவே அவரும் வீட்டைத் தேர்ந்தெடுக்கிறார். காலையில் கண் விழிப்பதிலிருந்து இரவு படுக்கும்வரை அந்த வீட்டில் தன் பொழுது எப்படிப் போகும் என்பது படிக்கும்போதே அவருக்குத் தெரிந்தாக வேண்டும். நான் சொல்லப்போவது எல்லாமே இதிலிருந்து வருவதுதான்.

முதலில் கடைசி வரியை எடுத்துவிடுங்கள். “பொறுப்பானவர்கள் மட்டும்” என்று எழுதினால் பொறுப்பில்லாதவர் யாரும் விலகிப் போகப்போவதில்லை. பொறுப்பானவருக்குத்தான் முகம் சுருங்கும். ஊதியம் வாங்காமல் உங்கள் பிள்ளை போன்ற ஒன்றைப் பார்த்துக்கொள்ள வருகிறவரை வாசலிலேயே சந்தேகப்பட வேண்டாம்.

அடுத்து நாய். “நட்பான லேப்ரடார்” என்று உலகத்தில் எல்லோரும் எழுதுகிறார்கள். பெயர் இல்லை, வயது இல்லை, ஆணா பெண்ணா என்பதும் இல்லை. சிட்டர்களில் பெரும்பாலானவர்கள் வருவதே அந்த நாய்க்காகவும் பூனைக்காகவும்தான். சொந்தமாக நாய் வளர்க்க முடியாத வாடகை வீட்டுக்காரர்கள், வளர்த்த நாயை இழந்து இன்னொன்றை வளர்க்க மனம் வராதவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற தம்பதிகள் என்று பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு உங்கள் நாயைத் தெரியப்படுத்துங்கள். எங்கள் லிஸ்டிங்கில் இருக்கும் பகுதி இது:

“செவலை, ஐந்து வயது ஆண் நாட்டு நாய். காலை ஐந்தரைக்குக் கட்டிலோரம் வந்து நிற்பான். ஆறு மணிக்குள் வெளியே அழைத்துப்போக வேண்டும், அரை மணி நேரம் போதும். தெருநாய்களைக் கண்டால் இழுப்பான். மார்க்கெட் பக்கம் போகாமல் கடல் பக்கமாகப் போனால் தொல்லை குறைவு. மீன்காரம்மா குரல் கேட்டால் குரைப்பான், அவர் தெருவைத் தாண்டியதும் அடங்கிவிடுவான். நான்கு மணி நேரம் வரை தனியே இருப்பான், அதற்கு மேல் என்றால் கதவைப் பிறாண்டுவான். இடி இடித்தால் உங்கள் காலடிக்கு வந்துவிடுவான். இரவில் உங்கள் அறையில், தரையில் தூங்குவான்.”

இழுப்பான், பிறாண்டுவான் என்றெல்லாம் எழுதினால் யார் வருவார்கள் என்று என் மனைவிக்குத் தயக்கம் இருந்தது. ஆனால் பொருத்தமானவர்களை அழைத்து வந்தது அந்த வரிகள்தான். வீட்டிலிருந்தே லேப்டாப்பில் வேலை செய்பவருக்கு நான்கு மணி நேரக் கணக்கு ஒரு பொருட்டே இல்லை. பகல் முழுக்க சிதம்பரம், பிச்சாவரம் என்று சுற்ற நினைப்பவர் அதைப் படித்துவிட்டுத் தானே ஒதுங்கிக்கொள்வார். வந்து இறங்கிய பிறகு தெரிந்தால் அவருக்கும் கஷ்டம், நாய்க்கு அதைவிடக் கஷ்டம்.

சாப்பாட்டைப் பற்றித் தெளிவாக எழுதுங்கள். தினமும் கோழியை வேகவைத்துச் சோற்றோடு பிசைந்து கொடுக்க வேண்டும் என்றால் அதை லிஸ்டிங்கிலேயே சொல்லிவிட வேண்டும். சைவக் குடும்பத்திலிருந்து வருபவர் நாயை உயிராகப் பார்த்துக்கொள்வார், ஆனால் கறியைக் கையால் தொட மாட்டார். அது அவர் உரிமை. இதைப் போலவே, சிட்டர் உங்கள் சமையலறையில் மீனோ முட்டையோ சமைக்கலாமா கூடாதா என்பதையும் எழுதிவிடுங்கள். நம்மூரில் இது பெரிய விஷயம். கேட்கத் தயங்கியே பலர் விண்ணப்பிக்காமல் விட்டுவிடுவார்கள். பூஜை அறையைத் திறக்க வேண்டாம் என்றாலோ மாலையில் விளக்கேற்றினால் நல்லது என்றாலோ அதையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

உடல்நிலையைப் பற்றி இரண்டு மூன்று வரி போதும்: வெறிநாய்க்கடித் தடுப்பூசி எப்போது போட்டது, மருந்து ஏதாவது தினமும் உண்டா, எந்தக் கால்நடை மருத்துவர் பார்க்கிறார். குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி நிறுவனம் இருப்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. அதைக் குறிப்பிட்டால், அவசரத்துக்குப் போக இடம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெம்பு வரும். கூடவே இதையும் எழுதுங்கள்: “அவசரம் என்றால் எங்களுக்குப் போன் கிடைக்கவில்லை என்று காத்திருக்க வேண்டாம், உடனே கொண்டுபோங்கள், செலவு எங்களுடையது.” அனுபவமுள்ள சிட்டர் தேடிப் பார்க்கும் வரிகளில் இது ஒன்று.

மற்ற மருத்துவக் குறிப்புகளை வீட்டில் வைக்கும் நோட்டுக்கு விட்டுவிடுங்கள். வெங்காயம் போட்ட சாம்பார் சோற்றை நாய்க்குப் போடக் கூடாது, திராட்சையும் சாக்லேட்டும் ஆகாது, பூனைக்குப் பாராசிட்டமால் விஷம் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். உங்களுடையது லேப்ரடார், போவது மே மாதம். மாங்கொட்டையை எட்டாத இடத்தில் போடச் சொல்லி எழுதிவையுங்கள். விழுங்கினால் குடலில் அடைத்துக்கொண்டு அறுவை சிகிச்சை வரை போகும். உண்ணி கடித்து வரும் காய்ச்சலும் வெயில் காலத்தில் அதிகம். லேப்ரடார் ஒரு வேளைச் சோற்றை வேண்டாம் என்று திரும்பிப் படுத்தால் மருத்துவரைக் கூப்பிட அதுவே போதுமான காரணம். நகமோ பல்லோ சிட்டர்மேல் பட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள், வீட்டு நாய்தானே என்று விடக் கூடாது.

மே மாதத்துக்கு வருவோம். டிசம்பர், ஜனவரி என்றால் புதுச்சேரி என்ற பெயரே ஆளைக் கொண்டுவந்துவிடும். அக்னி நட்சத்திரத்தில் அப்படி இல்லை. “ஏசி உண்டு” என்றால் போதாது. சிட்டர் தூங்கும் அறையில் ஏசி உண்டா, பகலில் போட்டுக்கொள்ளலாமா, கரண்ட் பில் யார் கணக்கு, கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஃபேன் எவ்வளவு நேரம் ஓடும், வைஃபையும் அதில் ஓடுமா என்றெல்லாம் எழுத வேண்டும். வைஃபை வேகத்தைப் போனில் அளந்து அந்த எண்ணையே போடுங்கள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். மேசையும் முதுகு வலிக்காத நாற்காலியும் இருந்தால் படத்தோடு சொல்லுங்கள். தார்ச்சாலை நாயின் பாதத்தைச் சுட்டுவிடும், அதனால் நடையை விடியலிலும் பொழுது சாய்ந்த பிறகும் மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பகல் முழுக்க அவருக்கு ஓய்வுதான் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆள் தேடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. 2024 நவம்பர் 30-ல் வந்த ஃபெஞ்சல் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழையைக் கொட்டியது. தெருவில் தண்ணீர் நிற்குமா, வண்டியை எங்கே ஏற்றி வைப்பது, யார் வந்து உதவுவார்கள் என்று எழுதிவிட்டால், செய்தி பார்த்துப் பயந்திருப்பவர்களுக்கும் வர மனம் வரும்.

இனி, பலர் எழுதாமல் விடும் ஒன்று. சாவி வைத்திருக்கும் உறவினர்கள். நம் வீடுகளில் மாமா ஒரு சாவி, பக்கத்துத் தெரு அக்கா ஒரு சாவி என்று வைத்திருப்பார்கள். நல்லெண்ணத்தோடுதான், “எல்லாம் சரியா இருக்கா” என்று திடீரென்று கதவைத் திறந்துகொண்டு வந்து நிற்பார்கள். தனியாகத் தங்கியிருக்கும் பெண்ணுக்கு அது எவ்வளவு அதிர்ச்சியாக இருக்கும்! நாங்கள் சிட்டராகத் தங்கிய ஒரு வீட்டில், குளித்துவிட்டு வந்த என் மனைவி கூடத்தில் முன்பின் தெரியாத ஒருவர் உட்கார்ந்து பேப்பர் படிப்பதைப் பார்த்தாள். எங்கள் லிஸ்டிங்கில் அதனால் இப்படி எழுதுகிறோம்: “நீங்கள் தங்கும் நாட்களில் எல்லாச் சாவியும் உங்களிடம். உங்களுக்குப் போன் செய்யாமல் யாரும் வர மாட்டார்கள்.” வீட்டு வேலைக்கு வரும் அம்மா எந்த நாளில், எத்தனை மணிக்கு வருவார் என்பதையும் சேருங்கள். கேமரா இருந்தால் வாசலில் மட்டும் இருக்கட்டும், அதுவும் இருக்கிறது என்று எழுதுங்கள். வீட்டுக்குள் இருப்பதை அணைத்துவிட்டுப் போங்கள்.

வேலைகளைக் குறைவாகக் கேளுங்கள். நாய், பூனை, செடி, தபால், மோட்டார் போடுவது, இவ்வளவுதான் நியாயம். மாடியில் இருக்கும் பாட்டிக்கு மூன்று வேளை சமைத்துத் தர வேண்டும் என்று ஒரு லிஸ்டிங்கில் படித்தேன். அதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டும். உங்களுக்குச் செடிகள் அதிகம் இருந்தால் எத்தனை தொட்டி, எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்லிவிடுங்கள். “செடிகளுக்குத் தண்ணீர்” என்று மட்டும் இருந்தால் பெரிய தோட்டத்தையே கற்பனை செய்துகொள்வார்கள்.

படங்கள். முதல் படத்தில் நாய் இருக்கட்டும், தரையில் உட்கார்ந்து அதன் கண் உயரத்திலிருந்து எடுத்தது. பிறகு சிட்டர் தூங்கும் கட்டில், குளியலறை, அடுப்படி, வேலை செய்யும் இடம். காலை வெளிச்சத்தில், துணிக்கொடியை எடுத்துவிட்டு எடுங்கள். வாசல் கேட்டும் கதவு எண்ணும் தெரியும் படம் வேண்டாம், வீட்டுக்காரர் ஊரில் இல்லை என்று திருடனுக்கு அழைப்பு வைத்தது போல் ஆகிவிடும். பகுதியின் பெயர் போதும், முகவரியை ஆளை முடிவு செய்த பிறகு கொடுங்கள்.

தலைப்பு வரியில் “அழகான வீடு” வேண்டாம். “கடற்கரைச் சாலைக்கு ஸ்கூட்டரில் போகும் தூரம், ஏசி அறை, ஆறு வயது லேப்ரடார்” என்பது போல, படித்ததும் கண்ணில் தெரிய வேண்டும். ஸ்கூட்டரைப் பயன்படுத்தக் கொடுக்க முடியுமானால் அதுவும் பெரிய ஈர்ப்பு. காப்பீட்டுத் தாள் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மாலையில் வண்டிகளை உள்ளே விடாத கடற்கரைச் சாலை, ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தை, பாண்லே பால் எங்கே வாங்குவது என்று உங்கள் வாழ்க்கையிலிருந்து நான்கைந்து சேருங்கள். சுற்றுலாக் கையேட்டில் இருப்பதைத் திரும்ப எழுத வேண்டியதில்லை.

கடலூரிலிருந்து இதைப் படிப்பவர்கள், வீட்டைப் புதுச்சேரிக்குப் பக்கம் என்று விற்கப் பார்க்காதீர்கள். தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் விடியலில் நாயோடு நடப்பதும், திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலும், சிதம்பரம் எட்டும் தூரத்தில் இருப்பதும் தனியாகவே ஆளை இழுக்கக் கூடியவை. கூட்டம் வேண்டாம் என்று தேடுகிறவர்கள் நிறையவே இருக்கிறார்கள்.

உங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஆரோவில்லில் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்துவிட்டுப் போவது வெகு நாளாக இருக்கும் வழக்கம். கோடையில் பலர் வெளிநாடு போய்விடுவார்கள், சொந்தமாக வீடு கிடைக்காத புதியவர்கள் அந்த வீடுகளில் மாறி மாறித் தங்குவார்கள். அங்கே தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லிவையுங்கள். வெளிநாட்டவர் உங்கள் வீட்டில் தங்கினால் வந்த 24 மணி நேரத்துக்குள் அவருடைய விவரங்களை (சி படிவம் என்று சொல்லிவந்தது இதைத்தான்) இணையத்தில் அரசிடம் பதிவு செய்வது வீட்டுக்காரரின் கடமை. அவருடைய விசா இதற்கு இடம் கொடுக்கிறதா என்று அவரையே முன்கூட்டி உறுதி செய்யச் சொல்லுங்கள். இதைச் செய்து தருவீர்கள் என்று லிஸ்டிங்கிலேயே இருந்தால் விவரம் தெரிந்த வெளிநாட்டவர் உங்களைத்தான் முதலில் கேட்பார்.

பத்து நாள் என்பது நல்ல அளவு. தேதியைத் திட்டமாகப் போடுங்கள், “மே மாதம்” என்றால் யாரும் பஸ் டிக்கெட் எடுக்க முடியாது. உங்களுக்கு இன்னும் மதிப்புரை எதுவும் இல்லாததால் முதல் தடவை சென்னைக்காரர்களைக் குறிவையுங்கள். ஈ.சி.ஆரில் 150 கி.மீ. தூரம்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நாயைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லலாம். முடியாதவர்களோடு வீடியோ காலில் பேசுங்கள், நாயையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. விண்ணப்பிப்பவர்களுக்கு அன்றே பதில் போடுங்கள், வேண்டாம் என்றாலும்.

ஆள் முடிவானதும், நீங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் மாலையே அவரை வரச் சொல்லுங்கள். இரவுச் சாப்பாடு உங்களோடு. மறுநாள் காலை நடைக்கு நாயின் பட்டையை அவர் பிடிக்கட்டும், நீங்கள் கூட நடந்தால் போதும். இதையும் லிஸ்டிங்கின் கடைசி வரியாக எழுதிவிடுங்கள், “பொறுப்பானவர்கள் மட்டும்” இருந்த இடத்தில்.